ஷேலுக்கு அப்பால் உள்ள எரிவாயு: இருப்புக் கணக்குக்கும் கிணற்று விளைச்சலுக்கும் ஏன் இவ்வளவு தொலைவு?

தேடல்வழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவர்கள் படிப்பதற்காக எரிசக்தி வளங்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி வருகிறேன். ஷேல் என்னும் இறுகிய களிமண் பாறைக்குள் அடைபட்டிருக்கும் எரிவாயுவைப் பற்றிய பகுதியில் சிரமம் ஏதும் இருக்கவில்லை. பூமிக்குள் செங்குத்தாக இறங்கிப் பிறகு பக்கவாட்டில் திரும்பும் கிணறு, அதன் வழியே மிகுந்த அழுத்தத்தில் நீரையும் மணலையும் செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறை, இவ்விரண்டும் கைகூடியதும் அமெரிக்காவின் எரிவாயு உற்பத்தி பெருகிய விதம் ஆகியவற்றைத் தெளிவாக எழுத முடிந்தது. அதற்கு அடுத்த பகுதியில்தான் நின்றுவிட்டேன்.

நான் பார்த்த நூல்களெல்லாம் ஷேலுக்குப் பிறகு நிலக்கரிப் படுகை மீத்தேன், இறுகிய மணற்பாறை எரிவாயு, மீத்தேன் ஹைட்ரேட் என்று பெயர்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தியையும் ஒரு பெரிய எண்ணையும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஹைட்ரேட்டுக்குக் கொடுக்கப்படும் எண்ணைப் பார்த்தால், இதுவரை கண்டறியப்பட்ட எரிவாயு வயல்கள் அனைத்தையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது போலத் தோன்றுகிறது. அப்படியானால் அது ஏன் இன்னும் எந்த அடுப்புக்கும் வந்து சேரவில்லை? ஷேலில் வெற்றி கண்ட முறையை அப்படியே எடுத்துச் சென்று மற்றவற்றில் பயன்படுத்த முடியாதா? இவற்றுள் எது இன்று உண்மையாகவே எரிவாயு தருகிறது, எது இன்னும் சோதனை நிலையிலேயே இருக்கிறது? மாணவர்களுக்கு வீண் நம்பிக்கையையும் ஊட்டக் கூடாது, வீண் அச்சத்தையும் ஊட்டக் கூடாது என்பதால்தான் இவ்வளவு கேட்கிறேன்.

பாறைத்துகள் எழுதியது:

வணக்கம். "அப்படியே எடுத்துச் சென்று" என்ற தங்கள் சொற்களிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. ஒரு வளத்தைப் பற்றிப் படிக்கும்போது, வாயு அங்கே எதனால் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். இறுகிய மணற்பாறையில் அது நுண்துளைகளுக்குள் சாதாரண வாயுவாகவே, நல்ல அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. வெளியேற வழிதான் இல்லை. நிலக்கரியில் ஓரளவு வழி இருக்கிறது, ஆனால் வாயு கரியின் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை அங்கே அழுத்தி வைத்திருப்பது நிலத்தடி நீர். ஹைட்ரேட்டிலோ அது வாயுவாகவே இல்லை.

இறுகிய மணற்பாறையைப் பொறுத்தவரை தங்கள் கேள்வியின் திசை தலைகீழாக இருக்கிறது. ஷேலில் கற்றதை மணற்பாறைக்குக் கொண்டுவரவில்லை. மணற்பாறையில் கற்றதுதான் பின்னர் ஷேலுக்குப் போனது. கிணற்றில் நீர்ம அழுத்தத்தால் பாறையைப் பிளக்கும் முதல் சோதனை 1947-இல் கன்சாஸ் மாநிலத்தின் ஹியூகோட்டன் வயலில் நடந்தது. ஊடுருவுதிறன், அதாவது வாயுவையோ நீரையோ தன் வழியே கடக்கவிடும் திறன், 0.1 மில்லிடார்சிக்கும் (அத்திறனை அளக்கும் அலகு) குறைவாக உள்ள பாறைகளை இறுகிய மணற்பாறை என்று வகைப்படுத்தும் வழக்கம் எழுபதுகளின் இறுதியில் அமெரிக்காவின் எரிவாயு விலை விதிகளை ஒட்டி நிலைபெற்றது. இடையில் நடந்த ஒன்றை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1967 டிசம்பரில் நியூ மெக்சிகோவில், 'கேஸ்பக்கி' என்ற திட்டத்தின் கீழ், 29 கிலோடன் ஆற்றல் கொண்ட அணுகுண்டு ஒன்றைப் பூமிக்கடியில் வெடித்துப் பாறையைத் தளர்த்திப் பார்த்தார்கள். 1969-இலும் 1973-இலும் கொலராடோவில் அதே முயற்சி தொடர்ந்தது. வாயு வந்தது, ஆனால் கதிரியக்கத்தோடு வந்தது, விற்க முடியவில்லை. பாறையைப் பிளப்பது எவ்வளவு பெரிய இடையூறாக அன்று கருதப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. இன்று சீனாவின் ஒர்டோஸ் படுகையில் உள்ள சுலிகே வயலும், 2017-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஓமானின் கஸ்ஸான் வயலும் இவ்வகைப் பாறையிலிருந்து எரிவாயு எடுக்கின்றன. ஆகவே இதைச் சோதனை நிலை என்று எழுத வேண்டாம். இது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் தொழில்.

நிலக்கரியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், என் பணிக்காலத்தில் பெரும்பகுதி ஆய்வுக் கிணறுகளின் அருகில்தான் கழிந்தது. கரி மாதிரியைக் கிணற்றிலிருந்து மேலே இழுக்கும்போது எங்கள் கையில் கடிகாரம் இருக்கும். மாதிரி எந்த நிமிடத்தில் மேலேறத் தொடங்கியது, எந்த நிமிடத்தில் தரையைத் தொட்டது, எந்த நிமிடத்தில் உலோகக் குடுவைக்குள் வைத்து மூடப்பட்டது என்று மூன்று நேரங்களையும் குறிப்போம். காதருகே கொண்டுபோனால் கரி மெல்லச் சீறுவது கேட்கும். படுகையின் வெப்பநிலையில் வைத்த நீர்த்தொட்டியில் குடுவையை இறக்கிவிட்டுக் குறித்த இடைவெளிகளில் அடைப்பைத் திறந்தால், வாயு அளவுக் குழாயில் உள்ள நீரைக் கீழே தள்ளும். எவ்வளவு நீர் இறங்கியது என்பதுதான் அளவு. முதல் நாளில் நிமிடக்கணக்கில் எடுக்கும் அளவீடு, பிறகு மணிக்கணக்காகி, நாள்கணக்காகி, சில மாதிரிகளில் மாதக்கணக்கில் நீளும். இறுதியில் கரியைப் பொடியாக அரைத்து, அதற்குள் விடாப்பிடியாக எஞ்சியிருந்த வாயுவையும் அளப்போம். மூடுவதற்கு முன் தப்பிப்போன வாயுவை அளக்க வழியில்லை. முதல் சில அளவீடுகளின் போக்கை வைத்துப் பின்னோக்கிக் கணித்துக்கொள்ள வேண்டியதுதான். தாங்கள் நூல்களில் பார்த்த பெரிய எண்ணின் அடியில் இப்படிப்பட்ட குடுவைகள் இருக்கின்றன. ஒரு குடுவையில் அரைமணி நேரம் தாமதமானால் அந்தக் கிணற்றின் கணக்கே மாறிவிடும்.

கரியில் வாயு ஏறி நிற்பதற்குக் காரணம் பரப்பு கவர்தல் என்னும் நிகழ்வு. கரியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். அவற்றின் சுவர்ப்பரப்பு அவ்வளவிலும் மீத்தேன் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன. அழுத்தம் குறைந்தால் அவை விடுபடும். ஆனால் அழுத்தத்துக்கும் விடுபடும் அளவுக்கும் உள்ள உறவு நேர்கோடு அன்று. தொடக்கத்தில் அழுத்தத்தை வெகுவாகக் குறைத்தாலும் சிறிதளவே வெளிவரும். பெரும்பகுதி குறைந்த அழுத்தத்தில்தான் விடுபடும். அதனால் கிணறு தோண்டியவர் முதலில் செய்ய வேண்டியது நீரை இறைப்பது, இறைத்துக்கொண்டே இருப்பது. சாதாரண எரிவாயுக் கிணறு முதல் நாளில் உச்சத்தில் இருந்து பின்னர் தேயும். நிலக்கரிக் கிணறு முதலில் நீரை மட்டும் கொடுத்து, மாதங்கள் கழித்து வாயுவைக் காட்டி, சிலசமயம் ஆண்டுகள் கடந்துதான் உச்சத்தை அடையும். கடன் வாங்கித் தொழில் செய்பவருக்கு இந்தக் காத்திருப்பின் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் இத்தொழில் வேரூன்றியதற்கு 1980-இல் வந்த வரிச்சலுகை ஒரு பெருங்காரணம்.

பிளக்கும் முறையைக் கரியில் பயன்படுத்துவதே இல்லையா என்றால், பயன்படுத்துகிறார்கள், ஆனால் எல்லா இடத்திலும் அன்று. கரியில் இயற்கையாகவே நெருக்கமான வெடிப்புகள் உண்டு. வயோமிங் மாநிலத்தின் பவுடர் ரிவர் படுகையில் அவை போதுமானவையாக இருந்தன. சான் ஹுவான் படுகையின் சிறந்த பகுதிகளில் வேறொரு வழியைக் கண்டார்கள்: கிணற்றின் அழுத்தத்தை ஏற்றித் திடீரெனத் திறந்துவிட்டு, சுற்றியுள்ள கரி தானாகவே நொறுங்கிக் கிணற்றுக்குள் விழும்படி செய்து, அடியில் ஒரு குழிவை உண்டாக்கினார்கள். கரியின் நல்ல குணம் ஒன்றும் உண்டு. வாயு வெளியேறும்போது கரி சற்றுச் சுருங்குகிறது, வெடிப்புகள் அகலமாகின்றன, பாதை மேம்படுகிறது. கெட்ட குணம், ஆழம் கூடக் கூட மேலுள்ள பாறையின் எடை அந்த வெடிப்புகளை நெரித்து மூடிவிடுகிறது. ஏறத்தாழ ஆயிரம் மீட்டருக்குக் கீழே எவ்வளவு கரி இருந்தாலும், அதில் எவ்வளவு வாயு இருந்தாலும், அதைக் கணக்கில் சேர்க்கும் முன் நான் இருமுறை யோசிப்பேன்.

ஆழ்கடல் எழுதியது:

பாறைத்துகள் அவர்கள் நிலக்கரியைப் பற்றி எழுதியதற்கு மேல் சேர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஹைட்ரேட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கூண்டுகளாக அமைந்து, ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஒரு மீத்தேன் மூலக்கூறு சிறைப்பட்டிருக்கும் திண்மம்தான் மீத்தேன் ஹைட்ரேட். குளிரும் அழுத்தமும் சேர்ந்தால் மட்டுமே அது நிலைத்திருக்கும். ஆகவே துருவப் பகுதிகளின் உறைநிலத்துக்கு அடியிலும், சில நூறு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடலின் தரைக்கு அடியிலும் அது காணப்படுகிறது. ஒரு கனமீட்டர் ஹைட்ரேட் சிதைந்தால் சுமார் 164 கனமீட்டர் மீத்தேனும் 0.8 கனமீட்டர் நீரும் கிடைக்கும். கப்பலின் மேல்தளத்துக்கு மாதிரி வந்து சேரும்போது வெள்ளைக் கட்டிகள் எண்ணெய்ச் சட்டியில் விழுந்த நீர்த்துளி போலச் சடசடத்துக்கொண்டிருக்கும். உள்ளங்கையில் வைத்தால் ஒரு பக்கம் ஈரமாகும், மறுபக்கம் குளிர்ந்து உறையும். உற்பத்தியில் உள்ள சங்கடம் முழுவதையும் அந்தக் கட்டி உள்ளங்கையிலேயே காட்டிவிடுகிறது, ஏனென்றால் சிதைவதற்கு அதற்கு வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தை அது சுற்றுப்புறத்திலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது.

வெப்பத்தை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்று முதலில் எண்ணினார்கள். கனடாவின் மாலிக் களத்தில் 2002-இல் சூடான நீரைச் சுற்றவிட்டு ஐந்து நாள் சோதித்தபோது கிடைத்தது ஏறத்தாழ 500 கனமீட்டர் வாயு. அதே களத்தில் 2008-இல் கிணற்றின் அழுத்தத்தை மட்டும் குறைத்தார்கள். ஆறு நாளில் சுமார் 13,000 கனமீட்டர் கிடைத்தது. அழுத்தத்தைக் குறைத்தால் ஹைட்ரேட் தானே சிதைகிறது, வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள மணலும் நீரும் தருகின்றன. இந்த ஒப்பீடுதான் இத்துறையின் திருப்பம் என்று நான் கருதுகிறேன். அதன் பிறகு நடந்த கடல் சோதனைகள் பெரும்பாலும் இந்த வழியையே பின்பற்றின.

ஜப்பான் 2013 மார்ச்சில் நான்கை அகழியில், சுமார் ஆயிரம் மீட்டர் நீராழத்தில், ஆறு நாளில் ஏறக்குறைய 1,20,000 கனமீட்டர் எடுத்தது. மணல் கிணற்றுக்குள் புகுந்ததால் சோதனை நின்றது. 2017-இல் மறுபடி முயன்றபோதும் முதல் கிணற்றை மணல் நிறுத்தியது. இரண்டாவது கிணறு 24 நாள் ஓடியது. மணல் ஏன் வருகிறது என்பதை மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். பல இடங்களில் மணல்துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருந்ததே ஹைட்ரேட்தான். அதைக் கரைத்து வெளியே எடுத்தால் மிஞ்சுவது சேறும் தளர்மணலும். நாம் விற்க விரும்பும் பொருளே அந்தச் சுவரின் சாந்தாகவும் இருக்கிறது. பாறையைப் பிளப்பதில் ஷேல் தொழில் பெற்ற தேர்ச்சி இங்கே பெரிதும் உதவாது, ஏனென்றால் இங்கே உள்ள கவலை படுகை நொறுங்காமல் நிற்க வேண்டுமே என்பது.

சீனா தென்சீனக் கடலின் ஷென்ஹு பகுதியில் 2017-இல் 60 நாளில் சுமார் 3,09,000 கனமீட்டரும், 2020-இல் கிடைமட்டக் கிணற்றின் மூலம் 30 நாளில் 8,61,400 கனமீட்டரும் எடுத்தது. ஆக, ஷேலிலிருந்து கடன் வாங்கத்தக்கது கிடைமட்டக் கிணறு. அந்த அளவுக்கு உறவு உண்டு. இந்த முன்னேற்றத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் நாள் சராசரியைப் பாருங்கள்: 2020-இல் ஒரு நாளைக்கு 29,000 கனமீட்டருக்கும் குறைவு. ஆழ்கடலில் தோண்டும் ஒரு சாதாரண எரிவாயுக் கிணறு செலவை ஈடுகட்ட வேண்டுமானால் அது நாளொன்றுக்குப் பல லட்சம் கனமீட்டர் தந்தாக வேண்டும்.

இருப்புக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். எழுபதுகளில் சொல்லப்பட்ட மதிப்பீடுகள் பின்னர் பல மடங்கு குறைக்கப்பட்டன. இன்று மேற்கோள் காட்டப்படும் எண்களே ஏறத்தாழ ஆயிரம் லட்சம் கோடி கனமீட்டரிலிருந்து அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் வரை விரிகின்றன. அதில் பெரும்பகுதி நுண்களிமண்ணில் மிக மெலிதாகப் பரவிக் கிடக்கிறது. அழுத்தத்தைக் குறைத்து எடுக்கத்தக்க விதத்தில் மணலில் செறிந்திருப்பது அதில் ஒரு சிறு பங்கே.

தேடல்வழி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாலிக் ஒப்பீட்டை அப்படியே கட்டுரையில் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. நிலக்கரிப் படுகையிலிருந்து இவ்வளவு நீரை இறைத்தால் அந்த நீர் எங்கே போகிறது? மேலும், பாறையைப் பிளக்காமல், படுகையைச் சிதைக்காமல் எடுக்கத்தக்க எரிவாயு ஏதேனும் இருக்கிறதா?

கரிச்சுரங்கம் எழுதியது:

தங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இருக்கிறது, நூல்களில் அதற்கு ஒரு பத்தி கூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஆப்பிரிக்காவின் கிவு ஏரி 485 மீட்டர் ஆழம் கொண்டது. அதன் அடிநீரில் சுமார் 60 கன கிலோமீட்டர் மீத்தேனும் 300 கன கிலோமீட்டர் கார்பன் டை ஆக்சைடும் கரைந்திருக்கின்றன. குழாயை ஆழத்துக்கு இறக்கி நீரை மேலே இழுக்கத் தொடங்கினால் போதும். நீர் ஏற ஏற அழுத்தம் குறைந்து வாயு குமிழியாகப் பிரிகிறது, குமிழிகள் நீரை இலேசாக்குகின்றன, பிறகு நீர் தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். மேலே வந்த வாயுவைக் கழுவிக் கார்பன் டை ஆக்சைடைப் பெருமளவு நீக்கிவிட்டு எரிக்கலாம். ருவாண்டாவின் கரையில் 26 மெகாவாட் மின்நிலையம் ஒன்று இப்படித்தான் இயங்குகிறது. இதில் மின்சாரத்தைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. 1986-இல் கேமரூனின் நியோஸ் ஏரி திடீரெனக் கார்பன் டை ஆக்சைடைக் கக்கியதில் சுமார் 1,700 பேர் மூச்சுத்திணறி இறந்தனர். கிவு அதைவிடப் பன்மடங்கு பெரியது, அதன் கரையில் வாழ்பவர்கள் இலட்சக்கணக்கானவர்கள். வாயுவைக் குறைப்பது அவர்களுக்கு ஒரு காப்பு. ஆனால் வாயு நீங்கிய நீரைத் தவறான ஆழத்தில் விட்டால் ஏரியின் அடுக்குகள் கலங்கிவிடும் என்பதால் அந்த வேலையில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை.

ஜப்பானின் சிபா பகுதியில் நிலத்தடி உப்புநீரில் கரைந்த மீத்தேனை நெடுங்காலமாக எடுக்கிறார்கள். அதே உப்புநீரிலிருந்து அயோடினும் கிடைக்கிறது. உலக அயோடின் உற்பத்தியில் ஜப்பான் இரண்டாம் இடத்தில் இருப்பது இதனால்தான். நீரை அளவுக்கு மேல் இறைத்தால் நிலம் தாழ்கிறது என்பதால் அங்கேயும் கட்டுப்பாடுகள் உண்டு.

ஆயினும் நான் முதலிடம் கொடுப்பது சுரங்க மீத்தேனுக்கு. நிலக்கரி வெட்டும் இடங்களில் மீத்தேன் எப்படியும் வெளியேறும். காற்றில் அது 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், சுரங்கமே வெடித்துவிடும். அதனால் பெரும் விசிறிகள் காற்றைத் தள்ளி அதை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே நீர்க்கச் செய்து, புகைபோக்கி வழியே வானில் விட்டுவிடுகின்றன. இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட எண்பது மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. சுரங்கத்தில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த விசிறியின் இரைச்சலைக் கேட்கும்போதெல்லாம் ஓர் எரிபொருள் வீணாவதையும் ஒரு நஞ்சு வானேறுவதையும் ஒருசேர உணர்ந்திருக்கிறேன். வெட்டுவதற்கு முன்பே துளையிட்டு எடுக்கும் வாயு செறிவானது. சீனாவின் ஷான்சி மாநிலத்தில் உள்ள சீஹே சுரங்கத்தில் அதைக் கொண்டு 120 மெகாவாட் மின்நிலையம் நடக்கிறது. மிக நீர்த்த விசிறிக் காற்றையும் சூடான பீங்கான் அடுக்குகளின் ஊடே செலுத்தி மீத்தேனை எரித்துவிட முடியும். ஆஸ்திரேலியாவில் அதைச் செய்து மின்சாரமும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். புதிய படுகையைத் தேடிச் செல்வதற்கு முன் இதைச் செய்து முடிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பாறைத்துகள் எழுதியது:

கரிச்சுரங்கம் அவர்கள் சொன்ன முன்னுரிமையை நானும் ஏற்கிறேன். நீரைப் பற்றிய கேள்வி என் பங்குக்கு உரியது.

பவுடர் ரிவர் படுகையின் நீர் குடிப்பதற்குப் பெரிதும் கெடுதல் இல்லாதது போலத் தோன்றினாலும் அதில் சோடியம் மிகுதி. அதை வயலில் பாய்ச்சினால் களிமண் உப்பி, துளைகள் அடைபட்டு, மழைநீர் கூட இறங்காத நிலமாகிவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், நிலக்கரி மீத்தேனைத் திரவமாக்கிக் கப்பலேற்றும் ஆலைகள் 2014 இறுதியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்கின. அங்கே நீரை எதிர் சவ்வூடு பரவல் முறையில், அதாவது அழுத்தம் கொடுத்து மெல்லிய சவ்வின் வழியே செலுத்தி உப்பைப் பிரித்து, சுத்திகரித்துப் பாசனத்துக்கும் கால்நடைகளுக்கும் தருகிறார்கள். ஆனால் பிரித்தெடுத்த உப்பு எங்கும் போய்விடுவதில்லை. அது அடர்ந்த உப்புநீராகக் குளங்களில் தேங்குகிறது. இன்னொரு கவலையும் உண்டு. படுகைக்கு மேலும் கீழும் உள்ள நீர்த்தாங்கிகள் கரியோடு தொடர்புடையவையாக இருந்தால், இங்கே இறைக்கும்போது அங்கே உள்ள விவசாயியின் கிணறு இறங்கும். அது உடனே தெரியாது, பல ஆண்டுகள் கழித்தும் தெரியலாம். ஆகவே முதல் கிணறு தோண்டுவதற்கு முன்பே சுற்றுவட்டக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து பதிவு செய்யாத திட்டத்தை நான் நம்புவதில்லை. பின்னர் வழக்கு எழும்போது அந்தப் பதிவு ஒன்றுதான் இரு தரப்புக்கும் பொதுவான சாட்சி.

கட்டுரையில் தாங்கள் அட்டவணை வைப்பதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். "இருப்பு" என்ற நெடுவரிசைக்குப் பக்கத்திலேயே "ஒரு கிணறு ஒரு நாளில் தந்தது" என்று இன்னொரு நெடுவரிசையை வையுங்கள். ஹைட்ரேட்டுக்கு நேராக ஆழ்கடல் அவர்கள் கொடுத்த 29,000 கனமீட்டரை எழுதலாம். நிலக்கரிக்கு நேராக ஒரே எண்ணை எழுத வேண்டாம். கிணற்றின் வயதையும் சேர்த்து எழுதுங்கள், முதல் மாதத்துக்கு நேராகப் பெரும்பாலும் வெறும் நீர் என்றே வரும்.